பூட்டிய வீடு, மாறும் ஷிஃப்ட்: அடிக்காமல் பிள்ளைக்குப் பொறுப்பு வருமா?

மாலை 4.30 மணி. பள்ளிக்கூடம் விட்டாச்சு. புத்தகப் பையோடு வரும் பிள்ளை, வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறது. சாவி கிடைக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. அம்மாவுக்கு மதிய ஷிஃப்ட். 2 மணிக்கு உள்ளே போனால், இரவு 10 மணிக்கு மேல்தான் கம்பெனி பஸ். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட்தான், ஆனால் ஓ.டி. இருக்கிறது என்று நின்றுவிட்டார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும், கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கமும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டைப் பகுதியிலும் இப்படிப்பட்ட வீடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பமாக இருந்தால் ஆயா, தாத்தா பார்த்துக்கொள்வார்கள். வேலைக்காக ஊர் விட்டு வந்து, ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆயா போனில்தான் இருக்கிறார்.

இடைவேளையில் அம்மா போன் செய்கிறார். "சாப்டியா?" "ம்." "ஹோம்வொர்க் எழுதினியா?" "ம்." "தம்பிய பார்த்துக்கிட்டியா?" "ம்." மூன்று 'ம்'களில் எது உண்மை, எது பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பெல் அடித்துவிட்டது, போனை லாக்கரில் வைக்க வேண்டும்.

இரவு 10.30க்கு வீடு திரும்பினால் ஹோம்வொர்க் எழுதப்படவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து காய்ந்து கிடக்கிறது. தம்பி சாப்பிடாமலேயே தூங்கிவிட்டான். பெரியவன் கையில் போன். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால், காலையில் சூப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தை, மாதக் கடைசி எல்லாம் சேர்ந்து கையில் ஏறுகிறது. பளார்.

அந்த அடியில் பாதிதான் பிள்ளைக்கு உரியது என்பது அடித்த அம்மாவுக்கே தெரியும். மீதிப் பாதி யாருக்கோ போக வேண்டியது. பிள்ளை அழுதுகொண்டே தூங்கிய பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக் கொடுக்காத அம்மா அபூர்வம்.

"அடிக்காம எப்படிங்க வளர்க்கிறது? எங்களையும் அடிச்சுதானே வளர்த்தாங்க?" பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. அடித்தால் அந்த நேரத்துக்குப் பிள்ளை அடங்கிவிடுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. கேட்க வேண்டியது இன்னொரு கேள்வி. அடுத்த நாள் மாலை 4.30 மணிக்கு, அதே பூட்டிய வீட்டில், அந்த அடி என்ன செய்யும்?

மாட்டுக்குக் கயிறு உண்டு

'அடியாத மாடு படியாது' என்பார்கள். சரி, அந்த மாட்டை யோசித்துப் பாருங்கள். அதன் மூக்கணாங்கயிறு எப்போதும் ஒருவர் கையில் இருக்கிறது. அடிப்பவர் கூடவே நடக்கிறார். அவர் கயிற்றை விட்டுவிட்டுப் போனால், படிந்த மாடும் பக்கத்து வயலில்தான் மேயும்.

ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் கயிறு பிடிக்க ஆளில்லை. அடிக்குப் பயந்து வரும் ஒழுங்கு, அடிப்பவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் செல்லும். மற்ற நேரத்தில் பிள்ளையை நடத்த வேண்டியது பிள்ளைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் பொறுப்பு என்று பெயர்.

அடி வாங்கும் பிள்ளை ஒன்றுமே கற்றுக்கொள்வதில்லை என்றும் சொல்ல முடியாது. நன்றாகக் கற்றுக்கொள்கிறது, மறைக்க. உடைந்த டம்ளரைக் குப்பைக்கு அடியில் போடுவது, மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடுவது, போனில் பார்த்ததை அழித்துவிட்டுக் கொடுப்பது என எல்லாம் பயத்தில் பிறக்கும் திறமைகள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் கெர்ஷாஃப், தன் சக ஆய்வாளர் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலருடன் சேர்ந்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 50 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, சுமார் 1,60,000 குழந்தைகள் பற்றிய விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எலும்பு உடையும் அளவுக்கு அடிப்பதைப் பற்றியது அல்ல அது. திறந்த கையால் பின்புறத்திலோ, கை கால்களிலோ போடும் 'சாதாரண' அடி பற்றியது. அடி அதிகமான வீடுகளில் பிள்ளைகளின் முரண்டும் முரட்டுத்தனமும் அதிகமாகவே தென்பட்டன. 'அடித்ததால் திருந்தியது' என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

ஃபேக்டரிக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியாதா?

இந்த விஷயத்தில் சிப்காட் பெற்றோர்களுக்கு மற்றவர்களைவிட ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் தினமும் போய்வரும் இடத்திலேயே பாடம் இருக்கிறது.

பல தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். விபத்து இல்லாமல் இத்தனை நாட்கள் என்று எழுதியிருக்கும். பாதுகாப்புப் பயிற்சியில் 'நியர் மிஸ்' என்ற சொல் அடிக்கடி வரும். விபத்து நடக்கவில்லை, ஆனால் நூலிழையில் தப்பியது என்று பொருள். மேலே இருந்து ஸ்பானர் விழுந்தது, யார் தலையிலும் படவில்லை. தரையில் எண்ணெய் கொட்டியிருந்தது, வழுக்கியது, யாரும் விழவில்லை. இதையெல்லாம் உடனே சொல்லச் சொல்வார்கள். 1931இல் அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹெய்ன்ரிச் என்பவர், ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறு விபத்துகளும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருப்பதாக ஒரு கணக்கு எழுதினார். அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று பின்னாளில் பலர் கேள்வி எழுப்பியது உண்மை. ஆனாலும், சின்னதைச் சொல்லவிட்டால்தான் பெரியதைத் தடுக்க முடியும் என்ற எண்ணம் தொழிற்சாலைகளில் நிலைத்துவிட்டது.

இன்னொன்றும் அங்கே எல்லோருக்கும் தெரியும். "நான்தான் எண்ணெயைக் கொட்டினேன்" என்று சொன்னவருக்கு மெமோ கொடுத்தால், அடுத்த நாளிலிருந்து யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எண்ணெய் மட்டும் தினமும் கொட்டும்.

வீட்டிலும் இதே கதைதான். கேஸை மூட மறந்துவிட்டேன், தம்பி மாடிப்படியில் விழப் பார்த்தான், யாரோ ஒருவர் வந்து "அப்பா எப்போ வருவார்" என்று விசாரித்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் வீட்டின் நியர் மிஸ். இதைச் சொன்ன பிள்ளைக்கு அடி விழுந்தால், அடுத்த முறை அந்தத் தகவல் வராது.

2025 ஜூலையில், பள்ளி விட்டுத் தனியாக நடந்து வந்த சிறுமிக்கு கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆரம்பாக்கம் பகுதியில் நடந்த கொடூரம் இந்த வட்டாரத்தையே உலுக்கியது. அதன்பிறகு பிள்ளையைத் தனியே அனுப்பவே பெற்றோர் பயந்தார்கள். அங்கே நடந்ததற்கு அந்தக் குழந்தையோ, அந்தக் குடும்பமோ எந்த வகையிலும் பொறுப்பில்லை. பிள்ளைகள் நடந்து போகும் வழியைப் பாதுகாப்பாக வைப்பது பெரியவர்களின், அரசின் வேலை. அதைப் பிள்ளையின் தலையில் 'பொறுப்பு' என்று சுமத்தக் கூடாது. ஆனால் வீடு ஒன்று செய்யலாம். என்ன நடந்தாலும், தப்பே செய்திருந்தாலும், அம்மாவிடமோ அப்பாவிடமோ சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். 'பெரியவங்க என்ன சொன்னாலும் கேட்கணும்' என்று அடித்துப் பழக்கிய பிள்ளைக்கு, ஒரு தவறான பெரியவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வருமா?

கண்ணை மட்டும் விட்டுட்டு...

வீட்டில் அடிப்பது போதாதென்று, அடிக்கும் உரிமையைப் பள்ளிக்கும் எழுதிக் கொடுத்த ஊர் நம் ஊர். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அதற்கும் முந்திய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்றொரு தண்டனை. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அந்தரத்தில் தொங்க வேண்டும்.

சட்டம் அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆவது விதி 2003இல் திருத்தப்பட்டு, மாணவரைத் திருத்துகிறேன் என்ற பெயரில் உடலையோ மனதையோ வருத்தக் கூடாது என்றானது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் நாடு முழுக்கத் தடை செய்தது. அப்படியும் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகளைத் தமிழகப் பள்ளிகளில் முறையாக நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டார். தடை வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நீதிமன்றம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

"கையைக் கட்டிப் போட்டுட்டாங்க, இனி பசங்களை எப்படிக் கட்டுப்படுத்துறது?" என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. பிரம்பைப் பிடுங்கிக்கொண்ட வேகத்தில், அதற்குப் பதில் என்ன செய்வது என்ற பயிற்சி எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

வீட்டின் கதை வேறு. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 சதவிகிதம் பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், குடும்பத்துக்குள் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்ட குழந்தைகளை வதைத்தவர்கள் யார் என்று கேட்டபோது, 88.6 சதவிகிதம் பேர் கைகாட்டியது பெற்றோரை. ஆனால் பள்ளியில் இருப்பது போன்ற முழுத் தடை இந்தியாவில் வீட்டுக்கு இல்லை. குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு பாதுகாவலர் செய்யும் செயலுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு கொடுத்த விலக்கு, 2024இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆவது பிரிவாகத் தொடர்கிறது. கொடுமைப்படுத்தினால் சட்டம் பாயும். ஒரு அறைக்கு யாரும் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை.

ஸ்வீடன் 1979இல் வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. உலகிலேயே முதல் நாடு. அந்தச் சட்டத்தில் பெற்றோருக்கென்று தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. மாறாக, தினமும் காலையில் வீட்டு மேஜைக்கு வரும் பால் அட்டைப்பெட்டியில் சட்டத்தைப் பற்றி அச்சிட்டார்கள். காபி குடிக்கும்போது அப்பாவும் படித்தார், பால் குடிக்கும்போது பிள்ளையும் படித்தது. அடிப்பது தவறு என்பதை ஊருக்கே பழக்கிவிடுவதுதான் நோக்கம். இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழிக்கு வந்துவிட்டன.

எழும்பூரில் எட்டு வயது வாத்தியார்

அடியை விட்டுவிட்டால் வேறு என்ன? இதற்கான பதிலில் ஒரு பகுதி, கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ரயிலில் போய்ச் சேரக்கூடிய தூரத்திலேயே, 230 ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்தது.

1789இல் சென்னை எழும்பூரில், பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஆசிரியர்கள் சரியில்லை, பிள்ளைகள் எழுத்தே கற்கவில்லை என்று அவருக்கு ஒரே கவலை. ஒருநாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். உடனே பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்து சொல்லித் தரும் வேலையை அவனிடம் ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான். கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளியின் பெரும்பாலான வேலைகள் பிள்ளைகள் கைக்கே போயின.

தண்டனை விஷயத்திலும் பெல் ஒரு காரியம் செய்தார். யார் என்ன தவறு செய்தார்கள் என்று ஒரு புத்தகத்தில் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை பிள்ளைகளின் முன்னால் படித்து, அவர்களையே தீர்ப்பு சொல்ல வைத்தார். பிரம்புக்கு வேலை குறைந்துபோனது. 1797இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் கட்டப்பட்ட பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

மூத்த மாணவனிடம் இளையவர்களை ஒப்படைக்கும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. அந்த மூத்தவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பல சட்டாம்பிள்ளைகள் வாத்தியாரைவிட மோசமாக அடித்தார்கள். இன்றைய கிளாஸ் லீடர் போர்டில் பேசியவர்கள் பெயரை எழுதி, வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் கூடுதலாக இரண்டு கோடு போடுவதும் அந்தப் பரம்பரைதான். ஃப்ரிஸ்கனுக்குக் கிடைத்தது ஒரு வேலை. லீடருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவல். வீட்டிலும் மூத்த பிள்ளையிடம் "தம்பி என்ன பண்றான்னு பார்த்துச் சொல்லு" என்றால் அது காவல்தான். "தம்பிக்கு ரெண்டு வார்த்தை எழுதக் கத்துக் கொடு, ராத்திரி வந்து பார்க்கிறேன்" என்றால் அது வேலை.

மோட்டாரை நிறுத்துவது யார்?

பொறுப்பு என்று பேசும்போது பெற்றோர் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வேலையைக் கொடுப்பார்கள், அதற்கான உரிமையைக் கொடுக்க மாட்டார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்துவது ஒரு பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடியது. அதை முழுசாக அதனிடம் விட வேண்டும். இடைவேளையில் போன் செய்து "மோட்டார் போட்டியா, நிறுத்தினியா" என்று கேட்டால், அந்தப் பொறுப்பு அம்மாவுடையதுதான். பிள்ளை வெறும் சுவிட்ச்.

ஒருநாள் மறந்துபோய்த் தொட்டி காலியாகக் கிடந்தால்? மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வராது. பக்கத்துத் தெருவிலிருந்து குடம் தூக்கி வர வேண்டும். கூடவே நீங்களும் இன்னொரு குடத்தோடு போங்கள், திட்டாமல். ஆல்ஃபிரட் ஆட்லரின் வழியில் வந்த ருடால்ஃப் ட்ரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர் 1960களிலேயே வலியுறுத்திய முறை இது. செயலின் விளைவே பாடம் சொல்லட்டும், நடுவில் பெற்றோரின் கோபம் புகுந்தால் பிள்ளை விளைவை மறந்துவிட்டுக் கோபத்தை மட்டும் பார்க்கும் என்பது அவர் கருத்து. மோட்டாருக்கும் ஹோம்வொர்க்குக்கும் இது சரி. கேஸ் அடுப்புக்கும் சாலைக்கும் கிடையாது. அங்கே விளைவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட் போய் அடுத்த ஷிஃப்ட் வரும்போது லாக் புக்கில் எழுதிவைப்பார்கள். எந்த மெஷின் மக்கர் செய்கிறது, எது பாதியில் நிற்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று. 'யார் முட்டாள்' என்று அதில் எழுதுவதில்லை. வீட்டிலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளை மாலையில் இரண்டு வரி எழுதும். 'பால் பொங்கிருச்சு. தம்பி சாப்பிடல. கணக்கு மூணாவது புரியல.' இரவு வரும் அம்மா, தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் அதைப் படித்துவிட்டுத் தானும் இரண்டு வரி எழுதலாம். போனில் வாட்ஸ்அப்பிலேயே செய்யலாமே என்று தோன்றும். அந்தப் போனைப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்குவது தனிக் கதை என்பதால் நோட்டே மேல்.

இந்த வேலைகள் யாருக்குப் போகின்றன என்பதையும் ஒரு நிமிடம் பாருங்கள். மகள் என்றால் எட்டு வயதில் பாத்திரம், பத்து வயதில் சோறு, பன்னிரண்டில் தம்பியின் முழுப் பொறுப்பு. மகன் என்றால் கடைக்குப் போய் வந்தாலே பெரிய விஷயம். பிறகு, 'பொண்ணு பொறுப்பா இருக்கா, பையன்தான் சொல் பேச்சு கேட்க மாட்டேங்கிறான்' என்று குறைப்படுவோம். பையனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

பொறுப்பே சுமையாகிவிடும் இடமும் இதே மாவட்டத்தில் உண்டு. ஒடிசாவிலிருந்து வந்து திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளில் பலருக்குக் குழந்தைப் பருவமே பொறுப்பில்தான் கழிகிறது. தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லைத் திருப்பிப் போடும் குழந்தையிடம் போய் 'பொறுப்பு வேண்டும்' என்று யாரும் பாடம் நடத்த முடியாது. அந்தக் குழந்தைக்குத் தேவை பள்ளிக்கூடம், விளையாட்டு, வேளைக்குச் சாப்பாடு.

சாப்பாடு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஷிஃப்டுக்கு விடியும் முன்பே கிளம்பும் அம்மாக்களின் பெரிய குற்ற உணர்ச்சி, பிள்ளை என்ன சாப்பிட்டுப் பள்ளிக்குப் போனது என்பதுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அதை விரிவுபடுத்தும் விழா 2024 ஜூலை 15 அன்று நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில். பசியோடு இருக்கும் பிள்ளைதான் முரண்டு பிடிக்கும். அதை 'அடங்காதது' என்று அடித்த காலைகள் எத்தனை இருந்திருக்கும்!

பைக் சாவி

அடிக்கும் அப்பாக்களில் சிலரே, பிள்ளைக்கு மீசை அரும்பியதும் பைக் சாவியை எடுத்துக் கொடுக்கிறார்கள். "பையன் நல்லா ஓட்டுவான்" என்று பெருமை வேறு. லாரியும் கன்டெய்னரும் இடைவிடாமல் போகும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் இது.

கை ஓங்குவது கண்டிப்பும் இல்லை, சாவி கொடுப்பது பாசமும் இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வேலைக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவோ, டிரைவராகவோ போக நினைக்கும் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று சிப்காட்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் சொகுசு கார் மோதி, ஐ.டி. ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சிறார் நீதி வாரியம் அந்தப் பையனுக்கு ஜாமீன் கொடுத்தபோது நாடே கொதித்தது. பிறகு தந்தையும் கைதானார். பணக்கார வீட்டுச் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டோம். கார் இல்லாவிட்டால் என்ன, பைக் இருக்கிறதே.

வண்டி கொடுக்க மறுத்தால் பையன் கோபித்துக்கொள்வான். இரண்டு நாள் பேச மாட்டான். தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அடிக்காமல் வளர்ப்பது என்றால் கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்ப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தார். அதட்டி அடக்குபவர்கள், எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பவர்கள், விதியில் உறுதியாக நின்றுகொண்டே காரணத்தையும் சொல்பவர்கள். மூன்றாவது வகைப் பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் தன்னைத்தானே கட்டுப்படுத்தும் பழக்கம் நன்றாக இருந்ததாக அவர் கண்டார். 'கிடையாது' என்ற சொல்லைச் சத்தம் போடாமல் சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி.

அடித்துவிட்டால்?

இவ்வளவையும் படித்துவிட்டு, இன்று இரவே ஒருவர் பிள்ளையை அடிக்கக்கூடும். எட்டு மணி நேர வேலை, ஒரு மணி நேரப் பயணம், அதற்குப் பிறகு அடுப்படி. மனிதர்கள்தானே.

எல்லை மீறிப் போகிறது, தன்னால் நிறுத்த முடியவில்லை என்று தோன்றினால் உதவி கேட்பதில் வெட்கமில்லை. 1098 குழந்தைகள் உதவி எண். பிள்ளையும் அழைக்கலாம், பிள்ளைக்காகப் பெரியவரும் அழைக்கலாம். பள்ளி, படிப்பு தொடர்பான ஆலோசனைக்குத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இரண்டு எண்களையும் அந்த லாக் புக்கின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

மற்றபடி, அடித்த கையோடு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் அது பழக்கமே இல்லை. அடித்த பிறகு தோசை ஊற்றித் தருவோம், சாக்லேட் வாங்கித் தருவோம், தூங்கும்போது முத்தம் கொடுப்போம். வாயால் மட்டும் சொல்ல மாட்டோம். மறுநாள் காலை, பிள்ளை பையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, கண்ணைப் பார்த்து, "நேத்து கோவத்துல அடிச்சிட்டேன்டா. பால் பொங்கினது உன் தப்பு, அடிச்சது என் தப்பு. சாயந்தரம் அடுப்பை நீ தொடச்சிடு. நான் இனிமே கை நீட்டாம இருக்கப் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளை அநேகமாக "ம்" என்றுதான் சொல்லும். சாவியை மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.